காலண்டர் தாளின் பின்பக்கம்

வியாழன் இரவு – சிம்மக்கல்

சிவராத்திரி முடிந்த மறுவாரம் மதுரைக்கு வந்திருக்கிறேன். எந்த ஓவியக் கல்லூரி வாசலையும் மிதிக்காமல், தனக்குத் தோன்றியதைத் தன் போக்கில் வரைந்துகொண்டும் செய்துகொண்டும் இருப்பவர்களைப் பார்ப்பதற்காக வந்த பயணம் இது. திருச்சியில் பழைய பத்திரிகைகளை ஸ்கேன் செய்து அட்டவணை போடுவது என் வேலை. ஆயிரம் பிரதி அச்சடித்ததையே காப்பாற்ற இத்தனை பாடு என்றால், ஒருவர் வீட்டுப் பரணில் ஒற்றைப் பிரதியாகக் கிடக்கும் படங்கள் என்ன ஆகும்? ரொம்ப நாளாக மனதை அரிக்கிற கேள்வி. அதனால் போகிற இடமெல்லாம் ஒன்றைக் கேட்பதென்று முடிவு செய்திருக்கிறேன்: உங்களுக்குப் பிறகு இது யாரிடம் இருக்கும்? அன்றன்று பார்த்ததை அன்றன்று இரவே எழுதிவிடுகிறேன்.

டவுன்ஹால் ரோட்டில் இறங்கி நடந்தால் தலைக்கு மேலே எல்லாம் ஃப்ளெக்ஸ். காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, அண்ணன்மார்களின் பிறந்தநாள். போஸ்டர், பேனர் விஷயத்தில் மதுரைக்கு எப்போதும் கை ஓங்கித்தான் இருக்கும். இத்தனையும் ஒரு காலத்தில் கையால் எழுதியவை. 2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் மெஷின் வந்தது. சில வருடங்களிலேயே அந்தத் தொழில் படுத்துவிட்டது.

சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இடம்தான் அந்தப் பெரியவருக்குப் பட்டறை. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இப்போது கிடைக்கும் வேலை ‘வீடு வாடகைக்கு’, ‘இங்கு வண்டி நிறுத்தாதீர்’, ஆட்டோவுக்குப் பின்னால் பிள்ளைகள் பெயர். யாரிடம் தொழில் படித்தீர்கள் என்று கேட்டேன்.

“யாருகிட்டம்மா படிக்க? கண்ணுதான் படிச்சுச்சு. தங்கம் தியேட்டர் வாசல்ல பேனர் கட்டுவாங்க பாரு, பள்ளிக்கூடத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு அங்கனதான் நிப்பேன்.”

1952இல் திறந்த தியேட்டர் அது. ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். இன்று அந்தக் கட்டடம் இல்லை. அதன் வாசலில் அண்ணாந்து பார்த்தே ஒரு பையன் முகம் வரையக் கற்றிருக்கிறான். வாங்கிய போட்டோவில் அரை அங்குலத்துக்கு ஒரு கட்டம், துணியில் ஒரு அடிக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குக் கட்டம் பார்த்து ஏற்ற வேண்டும். அடிஸ்கேல் கிடையாது. காவிப்பொடி தேய்த்த நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் விரலால் சுண்டினால் நேர்கோடு விழும். எனக்காக ஒரு வெற்றுத் தகரத்தில் செய்து காட்டினார். ஒரு முனையைக் கால் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார், மறுமுனை இடது கையில். ‘டப்’ என்று ஒரு சத்தம். மெல்லிய செம்மண் நிறக் கோடு, இம்மி கோணாமல் விழுந்திருந்தது.

“மூக்கை வரையக் கூடாதும்மா. மூக்குக்குப் பக்கத்துல விழுகுற நிழலை வரையணும், மூக்கு தானா வந்துரும். கிட்டப் போயிப் பாத்தா பச்சையும் நீலமும் ரோஸும் திட்டுத்திட்டாத்தான் இருக்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனாத்தான் ஆளு தெரியும்.”

இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து நடந்து அவரே கண்டுபிடித்தது. படம் ஓடி முடிந்தால் அந்தத் துணி டீக்கடைக் கூரைக்குப் போய்விடும், இல்லையென்றால் வெள்ளை அடித்து அடுத்த படத்துக்கு. ஆகவே அவர் வரைந்த பேனர் ஒன்றுகூட இன்று அவரிடம் இல்லை.

ஆனால் வேறொன்று இருக்கிறது. ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் தகர போர்டுகள். சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கிறார். ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார். முன்பக்கம் ‘ஸ்ரீ’ என்று தொடங்கும் ஏதோ ஒரு கடைப் பெயர். பின்பக்கம் அவருக்குப் பிடித்த படம். இரு கரையும் தொட்டு ஓடும் வைகை. குத்தவைத்து உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும் அவருடைய அம்மா. அம்மாவின் முகத்தில் ஒரு பக்கம் முழுக்க நீலம். போர்டை எடுத்துப்போய்ச் சந்தின் முனையில் வைத்துவிட்டு வந்து, “இப்பப் பாரு” என்றார். அங்கே ஒரு ஆத்தா உயிரோடு உட்கார்ந்திருந்தார்.

என் கேள்வியைக் கேட்டேன். “தகரம்தானம்மா. பழைய இரும்புக்காரன் கிலோக் கணக்குல எடுத்துக்குவான்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிகாகோவில் ஹென்றி டார்கர் என்று ஒருவர் இருந்தார். ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிற வேலை. 1972இல் அவர் முதியோர் இல்லத்துக்குப் போன பிறகு, அறையைக் காலி செய்யப் போனபோது பதினைந்தாயிரம் பக்கத்துக்கு மேல் டைப் அடித்த ஒரு கதையும் நூற்றுக்கணக்கான வண்ணப் படங்களும் கிடைத்தன. அடுத்த வருடமே அவர் இறந்துபோனார். வீட்டுக்காரர் ஒரு போட்டோகிராபர், கலை தெரிந்தவர். அதனால் குப்பைக்குப் போகாமல் தப்பியது. வீட்டுக்காரர் வேறு ஆளாக இருந்திருந்தால் டார்கர் என்ற பெயரே நமக்குத் தெரிந்திருக்காது. எல்லாம் அந்த ஒற்றைத் தற்செயலில் தொங்கிக்கொண்டிருந்தது. சிம்மக்கல் சந்தில் யார் வீட்டுக்காரர்?

வெள்ளி இரவு – விளாச்சேரி, கீழக்குயில்குடி

திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் விளாச்சேரி. கொலு பொம்மைக்குப் பேர்போன ஊர். நவராத்திரிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, ஆனாலும் திண்ணையெல்லாம் தலையில்லாத தசாவதாரங்கள் வெயில் காய்கின்றன. களிமண், காகிதக்கூழ், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் எல்லாவற்றிலும் செய்கிறார்கள். மண்பாண்டம் செய்கிற வேளார் வீடுகளில் தாத்தா, அப்பா, மகன் என்று கைமாறி வருகிற தொழில்.

அப்படியென்றால் இவர்கள் நான் தேடி வந்த கூட்டத்தில் சேர்வார்களா? 1940களில் ஜான் துபுஃபே என்ற பிரெஞ்சு ஓவியர், பள்ளியும் மியூசியமும் தொடாத மனிதர்களின் படங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். மனநல விடுதிகளில் இருந்தவர்கள், சிறையில் இருந்தவர்கள், தனியாக வாழ்ந்த கிழவிகள். அந்தச் சேகரிப்பு 1976 முதல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் தனி மியூசியமாக இருக்கிறது. துபுஃபேயின் கணக்கில் பரம்பரைத் தொழில்காரர்களுக்கு இடமில்லை. யாரையும் பார்த்துச் செய்யாதவர்தான் அவருக்கு வேண்டும். நம் ஊருக்கு அந்த அளவுகோல் பொருந்தாது என்றுதான் எனக்குப் படுகிறது. பரம்பரைத் தொழிலுக்குள்ளேயே ஒருவர் தனியாகப் பிய்த்துக்கொண்டு போவதை இன்றைக்கு நேரில் பார்த்தேன்.

அந்த அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். கட்டிக்கொடுத்து விளாச்சேரிக்கு வந்தவர். பகலில் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, பிசிறு எடுத்து, வெள்ளை அடிப்பது. எண்ணிக்கைக்குக் கூலி. சாப்பாட்டுக் கடை முடிந்து பிள்ளைகள் தூங்கிய பிறகு தனக்காக மண்ணை எடுக்கிறார். அச்சு கிடையாது. கட்டைவிரலும், ஒடிந்த கோலாட்டக் குச்சி ஒன்றும், பழைய ஹேர்பின்னும்தான் கருவிகள்.

அட்டைப்பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தரையில் அடுக்கினார். பிரசவ வார்டு வாசலில் காத்திருக்கும் ஒரு குடும்பம். மொத்தம் ஒன்பது பொம்மை, எதுவும் என் சுண்டுவிரல் நீளத்தைத் தாண்டாது. மாமியார் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு கிழவி முந்தானையைத் தலைக்கு வைத்துத் தரையில் தூங்குகிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. புருஷன்காரன் சுவரில் ஒரு காலை மடக்கி ஊன்றி நிற்கிறான். அவனுடைய செருப்பு ஒன்று கழன்று தனியாகக் கிடக்கிறது. அந்தச் செருப்பு ஒரு உளுந்தம்பருப்பு அளவுகூட இல்லை. அதில் வார் இருக்கிறது, தேய்ந்த குதிகால் இருக்கிறது.

“என் மூத்தவ பொறந்தப்ப இப்படித்தான் நின்னாங்களாம். நான் உள்ள இருந்தேன்ல, பாக்கல. அதான் செஞ்சு பாத்தேன்” என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகவே விளாச்சேரிக்கு வரலாம். தான் இல்லாத ஒரு காட்சியை, பிறர் சொல்லக் கேட்டதை வைத்துக்கொண்டு, பல வருடம் கழித்து மண்ணில் செய்து பார்த்திருக்கிறார். விற்க இல்லை, கொலுவில் வைக்கவும் இல்லை. பிரசவ வார்டை யார் கொலுவில் வைப்பார்கள் என்று அவர் மாமியார் கேட்டாராம். நான் வைப்பேன், முதல் படியில் வைப்பேன்.

ஆனால் எல்லாம் பச்சை மண், சுடாதது. ஒரு மழை ஒழுகினால் திரும்பவும் மண்தான். சூளையில் வையுங்கள் அக்கா என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். இத்தனை சின்ன உருப்படியை நெருப்பில் வைத்தால் கை கால் தெறித்துவிடும் என்று பயப்படுகிறார். நன்றாகக் காயவிட்டு, ஒரு பானைக்குள் வைத்து மூடி, அந்தப் பானையைச் சூளையின் ஓரத்தில் வைத்தால் தாங்கும் என்று அக்காவின் கணவரே யோசனை சொன்னார். அடுத்த சூளையில் முதலில் அந்தக் கிழவியை வைத்துப் பார்க்கிறேன் என்றார் அக்கா. “அவதான் சின்னக் குறையும் தாங்குவா, தூங்குறவதான!”

சாயங்காலம் கீழக்குயில்குடி. சமணர் மலைக்கு அடியில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மலைமேல் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சமணத் தீர்த்தங்கரர் சிலைகள். கீழே இருக்கும் அய்யனாரைப் பார்த்ததும், அவருக்கு மண்குதிரை செய்து கொடுக்கும் புரவி எடுப்பு நினைவுக்கு வந்தது. இந்தப் பக்கத்து ஊர்களில் முதலில் ஊரார் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வேளாரிடம் கொடுப்பார்கள். அதோடு சேர்த்து வைக்கோலும் மணலும் கலந்து மிதித்து, கால்களைக் குழாய் குழாயாக முதலில் நிறுத்தி, வயிற்றைத் திரித்த மண்ணால் வளைய வளையமாக ஏற்றி, கழுத்தும் தலையும் கடைசியில். உள்ளே முழுக்கக் கூடு. சுட்டு, வண்ணம் பூசி, கண் திறந்து, ஊரே தோளில் தூக்கிக் கோயிலுக்குப் போகும். அங்கே இறக்கிவைத்ததோடு சரி. அதன் பிறகு வெயிலும் மழையும் பார்த்துக்கொள்ளும். பழைய குதிரையை யாரும் ஒட்டவைப்பதில்லை. பக்கத்தில் புதுக் குதிரை வந்து நிற்கும்.

செய்த கைக்கு அதில் வருத்தம் எதுவும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. சாமிக்குக் கொடுத்தாயிற்று. என் கேள்விக்கு இங்கே வேலையே இல்லை போலிருக்கிறது. இதை யோசித்துக்கொண்டே படுக்கப் போகிறேன்.

சனி இரவு – உசிலம்பட்டிக்கு மேற்கே

சிவராத்திரியை ஒட்டி வரும் மாசிப் பச்சைக்குக் குலசாமி கும்பிட வந்த கூட்டம் இன்னும் முழுசாக ஊர் திரும்பவில்லை. உசிலம்பட்டி பஸ்ஸில் காலை ஊன்ற இடமில்லை. கறிச்சோற்றுத் தூக்குவாளிகளுக்கு நடுவே நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தேன்.

ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று அந்த அப்பத்தா கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. “எழுதுனா ஆளாளுக்கு வந்து வீட்டைப் பாக்கணும்பாக. நான் ஆட்டைப் பாப்பனா, அவுகளப் பாப்பனா?”

ஓட்டு வீடு. திண்ணைச் சுவர், முற்றத்துச் சுவர், தொழுவத்துக் கட்டைச்சுவர் எல்லாம் படம். சுண்ணாம்பு அடித்த சுவரில் காவிக்கட்டியை நனைத்துத் தேய்த்து வரைந்தது. கறுப்புக்கு அடுப்புக்கரி. பச்சைக்கு அவரை இலையைக் கசக்கித் தேய்த்தாராம். அது இப்போது பழுத்த நிறமாகிவிட்டது. கோலத்தில் வருகிற வளைவுகள் சுவரில் ஏறியதும் வேறு என்னவோ ஆகிவிடுகின்றன. ஒரு சிக்குக்கோலம் பாதியில் அவிழ்ந்து ஆட்டு மந்தையாகப் போகிறது. ஆடுகளுக்கு நடுவே ஒரு நாய்க்கு மட்டும் ஐந்து கால். ஏன் அப்பத்தா என்று கேட்டேன். “அது நிக்கவே நிக்காது தாயி. ஓடிக்கிட்டே இருக்கிறதுக்கு நாலு கால் எப்படிக் காணும்?” என்றார்.

தொழுவத்துச் சுவரில்தான் ரொம்ப நேரம் நின்றேன். ஒரு பெரிய கிணறு, உள்ளே இறங்கும் படிகள், அடியில் தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு வீடு, வீட்டு வாசலில் ஒரு சின்னப்பிள்ளை. அவருக்கு ஒரு தங்கச்சி இருந்திருக்கிறார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பொங்கலுக்குப் பொங்கல் சுவர் முழுக்க வெள்ளை அடித்துவிட்டுப் புதிதாக வரைகிறார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இப்படித்தான். போன வருடத்துப் படம் அவருக்கே சரியாக நினைவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அத்தனை வருடச் சுவர்களும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுண்ணாம்புக்கு அடியில் கிடக்கின்றன, யாராலும் திரும்பப் பார்க்க முடியாது! கேட்டேவிட்டேன்.

“வெள்ளையடிச்சாப் போயிரும், போகட்டும். பழசு கெடந்தா புதுசுக்கு எடமேது? ஆனா ஒண்ணு, கெணறு மட்டும் வருசா வருசம் அதே எடத்துல வந்துரும். நான் வரையணும்னு நெனைக்க மாட்டேன். கை அங்கன போயிரும்.”

சண்டிகரில் நேக் சந்த் செய்ததை எண்ணிப் பார்த்தேன். அரசாங்கத்தில் சாலை ஆய்வாளர். 1950களின் கடைசியில், புது நகரம் கட்ட இடித்துப்போட்ட வீடுகளின் ஓடு, கண்ணாடி வளையல், உடைந்த பீங்கான் என்று சைக்கிளில் பொறுக்கி வந்து, காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு ராஜ்ஜியமே கட்டினார். அரசு நிலம் என்பதால் கண்டுபிடித்தபோது இடித்திருக்கலாம். இடிக்காமல் அவருக்குச் சம்பளமும் ஆட்களும் கொடுத்து 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இன்று ராக் கார்டன் என்றால் உலகத்துக்கே தெரியும். அவரை அதிகாரிகள் காப்பாற்றினார்கள் என்று எழுதுகிறோம், நியாயம்தான். அப்பத்தாவைக் காப்பாற்றப் போகிறேன் என்று நான் கிளம்பினால் அது அவருக்குத் தொந்தரவாகத்தான் இருக்கும். சுவரை அப்படியே வைக்கச் சொன்னால் அடுத்த பொங்கலுக்கு அவர் எங்கே வரைவார்?

போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று மட்டும் கேட்டேன். கிணறு வேண்டாம், மற்றதெல்லாம் எடுத்துக்கோ என்றார். அப்படியே செய்தேன். ஒவ்வொரு பொங்கலும் முடிந்ததும் எடுத்து வைக்கும்படி பேரனிடம் சொல்லியிருக்கிறேன். அவன் போனில் ஏற்கெனவே இரண்டு வருடத்துப் படம் இருந்தது. ஆடு விற்க எடுத்த போட்டோவில் பின்னால் சுவர் விழுந்திருக்கிறது.

ஞாயிறு இரவு – கருங்காலக்குடி, ஒத்தக்கடை

இன்று சுருக்கமாக. கால் வலி.

மேலூர் தாண்டித் திருச்சி ரோட்டில் கருங்காலக்குடி. பஞ்சபாண்டவர் குட்டு என்கிற பாறையில் சமணப் படுக்கைகள், தமிழ் பிராமிக் கல்வெட்டு, பின்னால் வந்த ஒரு தீர்த்தங்கரர். அதைச் செய்வித்தவர் அச்சணந்தி என்ற சமண முனிவர் என்று பாறையே சொல்கிறது. மதுரையைச் சுற்றிப் பல மலைகளில் இந்தப் பெயர் வருகிறது. செய்வித்தவர் பெயர் இருக்கிறது. உளி பிடித்தவர் பெயர் இல்லை. அதற்கெல்லாம் முந்தி வேறு யாரோ வெள்ளை நிறத்தில் வரைந்த படங்களும் அங்கே உண்டு. வெயிலில் கண் பழகச் சற்று நேரம் ஆகும், அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரியும். கையெட்டும் உயரத்தில் புது ஆட்கள் இதயமும் அம்பும் பெயிண்ட்டால் கிறுக்கியிருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. சுற்றி எவ்வளவு பாறை இருக்கிறது, அந்தப் படத்தின் மேலேயேதான் எழுத வேண்டுமா?

திரும்பும்போது ஒத்தக்கடையில் இறங்கி ஆனைமலையைப் பார்த்துக்கொண்டு ஒரு டீ. இந்த மலையைப் பார்த்தால் எனக்கு மனோகர் தேவதாஸ் நினைவு வராமல் போகாது. 1936இல் மதுரையில் பிறந்தவர். படித்தது வேதியியல், வேலை சென்னையில் பேட்டரி கம்பெனியில். ஓவியம் அவராகக் கற்றது. மதுரையின் கோபுரம், தெப்பக்குளம், ஆனைமலை எல்லாவற்றையும் மைப்பேனாவால் மயிரிழைக் கோடுகளாக வரைந்து தள்ளினார். 1972இல் நடந்த கார் விபத்தில் மனைவி மஹிமாவுக்குத் தோளுக்குக் கீழே இயக்கம் போனது. மனோகருக்கோ ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற கண்நோய். பார்வைப் பரப்பு வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு சமயத்தில் தாளின் மிகச் சிறிய ஒரு வட்டம்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த வட்டத்துக்குள் போட்ட கோடும் அடுத்த வட்டத்துக்குள் போட்ட கோடும் சேர்ந்து முழுக் கோபுரம் ஆக வேண்டும். ஆயிற்று. படங்களை வாழ்த்து அட்டைகளாக அச்சிட்டு அந்தப் பணத்தைத் தர்ம காரியங்களுக்குக் கொடுத்தார்கள். 2020இல் பத்மஸ்ரீ, 2022 டிசம்பரில் காலமானார்.

அவருடைய படங்கள் தப்பித்தன. புத்தகமாகவும் அட்டையாகவும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. அவருக்கு ஆங்கிலம் தெரியும், அச்சுக்கூடம் தெரியும், மனிதர்கள் தெரியும். இதை அவருக்கு எதிராகச் சொல்லவில்லை, எனக்கு அவர்மேல் உயிர். சிம்மக்கல் பெரியவருக்கும் விளாச்சேரி அக்காவுக்கும் அந்த வாசல்களில் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். கையில் இருக்கும் திறமைக்கும் எது மிஞ்சுகிறது என்பதற்கும் சம்பந்தம் குறைவு.

திங்கள் இரவு – ஹார்விபட்டி

இந்தப் பயணத்தில் நான் பார்த்ததிலேயே பெரியது இன்று பார்த்ததுதான்.

ஹார்விபட்டி, மில் தொழிலாளர்களுக்காக உருவான காலனி. வரிசை வரிசையாக ஒரே அச்சில் வீடுகள். இப்போது பாதி மாடி வைத்து உருமாறிவிட்டன. நான் பார்க்கப் போன ஐயா மில்லில் நூற்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகள் வீட்டோடு இருக்கிறார். பேச்சு மிகக் குறைவு.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இழுத்தார். உள்ளே தினசரி காலண்டர் தாள்கள். கிழித்து எறிவோமே, அதே தாள்தான். வருடத்துக்கு ஒரு கட்டு. பழைய கட்டுகளெல்லாம் மில் நூலால் கட்டியவை. முன்பக்கம் தேதி, நல்ல நேரம், ராகு காலம், ராசிபலன். பின்பக்கம் நீல பால்பாயிண்ட் பேனாவில் ஒரு படம். தினமும் இரவு அன்றைய தாளைக் கிழித்து, திருப்பி, அன்று பார்த்த ஏதாவது ஒன்றை வரைகிறார். மில்லில் நைட் ஷிப்ட் இருந்த காலத்தில் விடிந்து வந்து வரைவாராம். ஏன் தொடங்கினீர்கள் என்று கேட்டதற்கு, “வெறும் தாளு, கிழிச்சுப் போட மனசு வரல” என்றார். அவ்வளவுதான்.

உள்ளங்கை அகலத்துக்குள் என்னவெல்லாம் அடங்குகிறது! நூற்பு மெஷினின் கதிர்கள் வரிசை. ஒவ்வொன்றிலும் சுற்றியிருக்கும் நூலின் பருமன்கூட வேறு வேறு. காதில் பஞ்சோடு தூங்கும் சக தொழிலாளி. திருப்பரங்குன்றம் மலையை மேகம் பாதி மறைத்த ஒரு நாள். சைக்கிள் கேரியரில் சிலிண்டர். நடுவில் ஒரு வருடத்துக் கட்டுக்குள் வாரக்கணக்காக ஒரே படம்: ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால். வெறும் இரும்புக் கால், அடியில் தேய்ந்த ரப்பர் புஷ். நாளுக்கு நாள் கோணம் மட்டும் கொஞ்சம் மாறுகிறது. அதற்கடுத்த ஒரு தாளில் படமே இல்லை. திருப்பிப் பார்த்தேன், முன்பக்கம் அச்சடித்த தேதி. அம்மா போன நாள் அது என்று மகள்தான் வாசலில் நின்றபடி சொன்னார். மறுநாள் தாளில் பந்தல்காரன் அடுக்கிவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒன்றுவிடாமல் வரைந்திருக்கிறது.

மகளை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள், ஆறு மாதம் வாடகை வீடு, ரெண்டே அறை. போகிப் பண்டிகைக்கே பழைய கட்டுகளைக் கொளுத்திவிடலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. ஐயா வேண்டாம் என்று சொல்லவில்லை, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளிவிட்டாராம். அடியிலிருந்த இரண்டு கட்டுகளைக் கரையான் ஏற்கெனவே பார்த்துவிட்டது.

ஸ்கேன் செய்து தருகிறேன் ஐயா, தாளும் உங்களிடமே இருக்கட்டும் என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்.

“ரெண்டு பக்கமும் எடுப்பியாம்மா?”

“பின்பக்கம்தானே ஐயா படம்?”

“தேதியில்லாம படத்தை வச்சு என்ன செய்ய? அன்னிக்கு நல்ல நேரம் எத்தன மணின்னு போட்டிருக்கான், நான் என்னத்தப் பாத்தேன்னு பின்னாடி இருக்கு. ரெண்டும் சேந்துதான் அந்த நாளு.”

இத்தனை வருடம் இந்த வேலையில் இருக்கிறேன், ஆவணம் என்றால் என்ன என்று இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. சரி, இரண்டு பக்கமும்தான்.

நான் எல்லாரிடமும் கேட்டுவந்த அந்தக் கேள்வியை இவரிடம் கேட்கத் தேவையே இருக்கவில்லை. அப்பத்தாவுக்கு அழிவது வேலையின் ஒரு பகுதி, அதில் நான் கைவைக்கக் கூடாது. இந்த ஐயாவுக்கு அப்படி இல்லை. ஒருவர் கட்டுக் கட்டாக வருடம் எழுதி நூலால் கட்டிவைக்கிறார் என்றால் இருக்க வேண்டும் என்றுதான் வைக்கிறார், வாயால் சொல்லாவிட்டாலும்.

இதை வாசிப்பவர்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால், உடனே செய்யக்கூடிய சில காரியங்கள் இருக்கின்றன. காலண்டர் தாள் மட்டமான காகிதம். அதிலிருக்கும் அமிலமே அதைப் பழுப்பாக்கி நொறுக்கும். பால்பாயிண்ட் மை வெளிச்சத்தில் வெளுக்கும், ஆகவே பிரேம் போட்டு ஹாலில் மாட்டாதீர்கள். தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். சூடும் பசையும் சேர்ந்து தாளைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவே முடியாது. செலோடேப், ரப்பர் பேண்ட் இரண்டும் எதிரி. பருத்தி நூல் நல்லது. ஐயா தானாகவே சரியாகச் செய்திருக்கிறார். தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். வரைந்தவர் பெயர், ஊர், வருடம் மூன்றையும் தனித் தாளில் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள். வரைந்தவர் உயிரோடு இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, இது யார், இது எங்கே என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பங்குனி முதல் வாரத்தில் லீவு போட்டு ஸ்கேனரோடு திரும்பி வருகிறேன். வீட்டைக் காலி செய்வதற்குள் பழைய கட்டுகளையாவது முடிக்க வேண்டும். அதுவரை பெட்டி, இரண்டு தெரு தள்ளி ஐயாவோடு மில்லில் வேலை பார்த்த நண்பர் வீட்டு மாடி அறையில் இருக்கும். மகளே போன் போட்டு ஏற்பாடு செய்துவிட்டார். வருகிற வழியில் சிம்மக்கல்லில் இறங்கி அந்தத் தகர போர்டுகளை விலைக்குக் கேட்கப் போகிறேன், பழைய இரும்புக்காரர் கொடுப்பதைவிடக் கூடுதலாக. விளாச்சேரி அக்கா போன் செய்தார். சூளை அடுத்த புதன்கிழமையாம்.